மாதையன் விற்ற வீடு

ஞாயிறு பூசை முடிந்து வந்து மரியசெல்வி அரிசி களைந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் நின்றபடியே சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதற்கு முன்பிருந்த வீட்டுக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

“பெங்களூர் பார்ட்டி ஒண்ணு கேக்குதுங்கம்மா. ரூம் ரூமாப் பிரிச்சு டூரிஸ்ட்டுக்கு உடலாம்னு இருக்கறன். அவசரமில்லீங்க. சீசனுக்கு முன்னால காலி பண்ணிக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

“சரிங்க,” என்றாள் மரியசெல்வி. வேறென்ன சொல்ல முடியும்? அவர் போன பிறகும் அதே அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்து வெகுநேரமாகியிருந்தது.

ஏற்காட்டில் அவர்கள் குடியிருந்த முதல் வீடு இப்போது டூரிஸ்ட் காட்டேஜ். இரண்டாவதை இடித்துவிட்டு ஹோட்டல் கட்டிவிட்டார்கள். மூன்றாவது வீட்டின் வாசலில் ஹோம்ஸ்டே என்று பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. அவள் புருஷன் ஜேசுதாஸ் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். தாங்கள் குடியிருந்த வீட்டு வாசலிலேயே ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். “நம்ம கட்டில் கெடந்த எடத்துல ஏசி மாட்டியிருக்கறாங்க செல்வி,” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவளுக்குச் சிரிப்பு வராது.

அவள் பிறந்து வளர்ந்தது காப்பி எஸ்டேட்காரர்கள் வேலையாட்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில். அப்பா அங்கே கணக்கெழுதும் ரைட்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். அம்மா அடுப்பைப் பெயர்த்து எடுத்து வந்ததும், அப்பா கடைசியாக ஒருமுறை உள்ளே போய் எல்லா அறைகளையும் பெருக்கிவிட்டு வந்ததும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அடுத்தவன் வீட்டை எதற்காகப் பெருக்கிக் கொடுக்க வேண்டும் என்று அன்று அவளுக்கு வந்த கோபம் இந்த நாற்பத்திரண்டு வயதிலும் ஆறவில்லை.

சாயங்காலம் ஜேசுதாஸ் வந்ததும் சொன்னாள். “இனி வாடகை ஊடு வேண்டாங்க. சின்னதா இருந்தாலும் நம்முளுதா ஒண்ணு வாங்கிரலாம்.”

“எதுக்கு? வேற ஊடு பாத்தாப் போச்சு. ஓடு ஒழுகுனா ஊட்டுக்காரன் பாத்துக்குவான். புடிக்கலீன்னா சாமானத்தத் தூக்கி வேன்ல போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். சொந்த ஊடுன்னா அது நம்மளக் கட்டிப்போட்டுருமில்ல?”

“என்னைய யாராச்சும் கட்டிப்போட்டாத் தேவலைன்னு இருக்குதுங்க.”

அவன் சாப்பிட்டு எழுந்தான். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆஷ்லின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மரியசெல்வி வீடு தேட ஆரம்பித்தாள். கான்வென்ட் விடுதிச் சமையலறையில் அவளுக்கு வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து ஏதாவது ஓர் ஊருக்குப் போய்விடுவாள். அடிவாரத்தில் ஒரு வீடு பார்த்தாள். வேலைக்குத் தினமும் மலையேறி இறங்க வேண்டும், வெயில் வேறு தாங்கவில்லை. குப்பனூரில் பார்த்த வீட்டுக்குக் கிணறு இருந்தது, பாதை இல்லை. மலைமேல் பார்த்ததெல்லாம் கைக்கு எட்டவில்லை. வீடு திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே தெரிகிற ஒவ்வொரு வீட்டையும் இது நமக்கு ஆகுமா என்று பார்த்துக்கொண்டே வருவாள். விடிந்ததும் மறுபடி அதே நினைப்பு. பொரியலுக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பதுகூட மறந்து போனது.

மாதையன் வீட்டைப் பற்றிச் சொன்னது விடுதிக்குக் காய்கறி கொண்டுவருகிற காளியப்பன். அதே மலையில் வாழவந்தியில், பஸ் ரோட்டுக்குச் சற்று மேலே, சரிவில் மூன்று அறை ஓட்டு வீடு. முன்னால் கொஞ்சம் காப்பிச் செடியும் ஓர் ஆரஞ்சு மரமும். மாதையன் அறுபது வயதைத் தாண்டியவர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் செய்த குடும்பம். மனைவிக்கு முட்டி தேய்ந்து மேடு ஏற முடியாமல் போய்விட்டது. மகன் மணிகண்டன் சேலத்தில் வேலை பார்த்தான். அஸ்தம்பட்டியில் வாடகை வீடு எடுத்து அப்பாவையும் அம்மாவையும் அங்கே வரச் சொல்லிவிட்டான்.

“சொந்த ஊட்ட வித்துப்போட்டு வாடகைக்குப் போறீங்களாண்ணா?” என்று வீடு பார்க்கப் போன அன்று கேட்டாள் மரியசெல்வி.

“ஆஸ்பத்திரி பக்கமுங்க அம்மிணி. லிஃப்ட் இருக்குது. அவளுக்கு அது போதுமுங்க,” என்றார் மாதையன்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார். தண்ணீர்க் குழாய், தோட்டம், அடுப்படி எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டியவர் பின்பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. அங்கே பின்னறையை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல்கட்டுச் சுவர், மேட்டு மண்ணைத் தாங்கிக்கொண்டு நின்றது. புதிதாகச் சிமெண்ட் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்று மரியசெல்வி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

நகையும் போய், பாங்கில் கடனும் வாங்கி, ஜேசுதாஸ் அரை மனதாகக் கையெழுத்துப் போட்டு, கோடை தொடங்குவதற்குள் வீடு அவர்கள் பெயருக்கு வந்தது. பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரித்துக் குடி போனார்கள்.

முதல் வேலையாக மரியசெல்வி சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரில் ஆணி அடித்தாள். இருபது வருடமாக எந்த வீட்டுக்காரரும் ஆணி அடிக்க விட்டதில்லை. படம் மாட்ட, காலண்டர் மாட்ட, பை மாட்ட என்று அடித்துக்கொண்டே போனாள். கடைசியில் மாட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஆணிகள் சுவரெங்கும் துருத்திக்கொண்டு நின்றன. ஜேசுதாஸ் அவற்றில் ஒன்றில் சட்டையை மாட்டிக் கிழித்துக்கொண்டான்.

நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பீரோவை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாற்றினாள், ஒரு வாரத்தில் திரும்பவும் பழைய இடத்துக்கே மாற்றினாள். வாசலில் யாராவது நின்று கூரையைப் பார்த்தால் உடனே வெளியே வந்து என்ன வேணும் என்று கேட்டாள். கோடை மழையில் அடுப்படி ஒழுகியபோது கை தானாகவே போனை எடுத்து வீட்டுக்காரர் நம்பரைத் தேடியது. பிறகுதான் வீட்டுக்காரி தானே என்பது உறைத்தது. அவள் போனை வைத்துவிட்டு, ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைத்தாள்.

இதற்கு நடுவில் மாதையன் வர ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, வாழவந்தியில் இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க,” என்பார். ஆரஞ்சு மரத்தில் காய்ந்த கொம்பை ஒடித்துப் போடுவார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போவார். திரும்பி வர வெகுநேரமாகும். டீ கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

முதலில் மரியசெல்விக்குப் பாவமாக இருந்தது. பிறந்து வளர்ந்த வீடு, விட்டுப்போக மனசில்லை போல என்று நினைத்தாள். ஆடி மாதம் வந்தபோது பாவம் எரிச்சலாகிவிட்டது. பூசைக்குப் போய் வந்தால் அவர் தோட்டத்தில் நிற்கிறார். துணி துவைத்தால் பின்னாலிருந்து இருமல் சத்தம் கேட்கிறது. இது யார் வீடு என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிறு அவர் பின்பக்கம் போனதும் அவளும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். மாதையன் கல்கட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார். அவளைக் கண்டதும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அண்ணா, நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் மரியசெல்வி. “நாங்க வாங்கி நாலஞ்சு மாசமாச்சு. நீங்க இப்படி வாரமானா வந்து நின்னீங்கன்னா, நாங்க உங்கூட்டுல குடியிருக்கற மாதிரியே இருக்குதுங்க. இனிமே வர்றதுன்னா ஒரு போன் பண்ணிட்டு வாங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சரிங்க அம்மிணி,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். படியிறங்கிக் கேட் வரை போனவர் திரும்பி நின்றார். கூப்பிடுவாரோ என்று மரியசெல்வி பார்த்தாள். அவர் கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. வராததும் அவளுக்கு ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போனது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். விடாமல் ஊற்றியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மலைப்பாதையில் பாறை உருண்டு பஸ்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. ஜேசுதாஸ் வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வீட்டில் அடைந்து கிடந்தான். பின்னறையில் ஆஷ்லின் போர்வையைச் சுற்றிக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் போன் வந்தது. மாதையன்.

“அம்மிணி, பின்னால ரூம்புல யாரு இருக்கறாங்க?”

“ஏனுங்க? புள்ள படிச்சிட்டிருக்கறா.”

“புள்ளய முன்னால கூட்டியாந்துருங்க. இப்பவே கூட்டியாந்துருங்க. அந்தச் செவுரு நிக்காதுங்க. போன வருச மழைக்கே நடுவுல உப்பிப்போச்சு. நாந்தான் மேல சிமெண்டப் பூசி வெள்ளையடிச்சனுங்க.”

மரியசெல்வி போனைக் காதிலிருந்து எடுக்காமலே பின்னறைக்கு ஓடினாள். ஆஷ்லின் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, புக்கு,” என்றாள் ஆஷ்லின். “கெடக்கட்டும் சாமி, வா,” என்று தள்ளிக்கொண்டு வந்தாள். ஜேசுதாஸ் என்ன ஏது என்று எழுந்து வந்தான். போனில் மாதையன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் அதை அணைத்தாள்.

மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். புத்தகத்தையாவது எடுத்து வந்துவிடலாம் என்று ஜேசுதாஸ் இரண்டு முறை எழுந்தான். இரண்டு முறையும் அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. வீடு ஒருமுறை அதிர்ந்தது. அடுப்படிப் பாத்திரங்கள் உருண்டன. பின்னறைக் கதவு உள்ளேயிருந்து தள்ளப்பட்டது போலத் தானாகத் திறந்தது. அதன் வழியே செம்மண் சேறு மெதுவாக முன்னறைக்குள் வந்தது. ஆஷ்லின் உட்கார்ந்திருந்த இடத்தில் மேட்டில் நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தின் வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

ஜேசுதாஸ் மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அன்றிரவு காளியப்பன் வீட்டில் தங்கினார்கள். மழை விட்டு, வீட்டைப் பார்க்க அவர்கள் திரும்பியபோது மாதையன் வந்தார். மகன் மணிகண்டனின் பைக்கில் குப்பனூர் வழியாக வந்து, ரோடு அடைபட்ட இடத்திலிருந்து நடந்து வந்திருந்தார். முட்டி வரை சேறு. பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். மணிகண்டன் தள்ளி நின்றான்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆவலீங்களே?” என்றார்.

“ஆயிருந்தா?” என்றான் ஜேசுதாஸ்.

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லிப்போடலாம்னுதாங்க ஒவ்வொரு தடவையும் வருவேன். சொன்னா நீங்க ஊட்டத் திருப்பிக் குடுத்துருவீங்களோன்னு பயமுங்க. அவளுக்கு முட்டி ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சிருந்தாங்க. இப்ப அது முடிஞ்சுது. மிச்சம் இருக்கற பணத்த அப்படியே குடுத்தர்றனுங்க. பாக்கிய மகன் கொஞ்சங் கொஞ்சமாக் கட்டிருவான். ஊட்ட நானே எடுத்துக்கறன்.”

ஜேசுதாஸ் மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு விடுதலை தெரிந்தது. அவளைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

“வாங்கிக்கலாம் செல்வி. கடனக் கட்டிட்டு அடிவாரத்துல ஒரு வாடகை ஊடு பாப்போம். ஆஷ்லின் எப்படியும் சேலத்துக்குத்தான் காலேஜ் போவோணும். நானும் சேலம் சவாரி ஓட்டிக்கறன். இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து நீ ஒரு நாளாவது நிம்மதியா இருந்தயா, சொல்லு. நான் பாத்துட்டுத்தான இருக்கறன்.”

அவளால் இல்லை என்று மறுக்க முடியவில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. வாடகை வீட்டில் இருந்த தவிப்பு இங்கே இன்னும் கூடித்தான் இருந்தது. கொடுத்துவிட்டுப் போனால் என்ன? சாமான்கள் வேனில் ஏறிவிடும். மழை பெய்தால் மழை என்று மட்டும் நினைத்துக்கொண்டு படுத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு உடம்பில் ஓர் இளைப்பாறலாகப் பரவியது. சரி என்று சொல்லவே வாய் வந்தது.

வாசலுக்கு வந்து மாதையனிடம் கேட்டாள். “திருப்பி வாங்கி என்ன பண்ணுவீங்கண்ணா? இங்க வந்து இருப்பீங்களா?”

“அவளால முடியாதுங்களே.”

“அப்புறம்?”

“செவுத்தக் கட்டி... வித்துருவனுங்க.”

“வாங்கறவங்ககிட்ட இதெல்லாம் சொல்லுவீங்களா?”

மாதையன் காலில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்தார். மணிகண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோட்டத்தில் மண் ஊறிய வாசனை. ஆஷ்லின் சேற்றிலிருந்து எடுத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். மரியசெல்வி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பின்னறையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து படிப்பது போலக் கண்ணுக்குள் தெரிந்தது.

“நான் குடுக்கறதா இல்லீங்க,” என்றாள்.

“செல்வி,” என்றான் ஜேசுதாஸ்.

“பின்னால ரூம்ப இடிச்சுப்போடலாம். மறுபடி கட்ட வேண்டாம். மண்ணு வந்தாலும் வந்து நிக்கறதுக்கு எடம் இருக்கோணும். செவுத்த இஞ்சினியர வெச்சுத் தண்ணி போறதுக்கு ஓட்டை உட்டுக் கட்டோணும். அந்தச் செலவு உங்களுதுங்கண்ணா. மிச்ச ஊடு எங்களுக்குப் போதும்.”

“இது ஊடா, காவக் காக்கற வேலையா?” என்று ஜேசுதாஸ் கேட்டான். அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

மாதையன் வாக்குத் தவறவில்லை. சுவர் எழும்பி முடியும் வரை தினமும் வந்தார். கல்லுக்கு ஆள் வைத்தார், தானும் சுமந்தார். ஜேசுதாஸ் அவரோடு பேசாமலே கூடமாட நின்று சேற்றை அள்ளிப் போட்டான். பின்னறையை இடித்த அன்று மரியசெல்வி விடுதியிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். வீட்டின் முதுகில் வானம் தெரிந்தது. மூன்று அறை வீடு இரண்டு அறையாகிவிட்டது. கடன் மட்டும் குறையவில்லை.

“நான் சம்பாதிச்சா ஊடெல்லாம் வாங்க மாட்டேம்மா,” என்றாள் ஆஷ்லின். “எங்க வேலையோ அங்க வாடகைக்கு இருந்துக்குவேன்.”

“இருந்துக்கோ கண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றாள் மரியசெல்வி. மனதாரத்தான் சொன்னாள்.

அடுத்த கோடை மழை ஒரு மத்தியானம் இடியோடு இறங்கியபோது அவள் விடுதியில் இருந்தாள். பரிமாறும் வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்தாள். வழியெல்லாம் கை முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தது. சவாரிக்குப் போயிருக்க வேண்டிய வேன் ரோட்டில் நின்றது. வீட்டைச் சுற்றி ஓடினாள். ஜேசுதாஸ் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியால் சுவரோரக் கால்வாயில் அடைத்த சருகை இழுத்துக்கொண்டிருந்தான். சுவரின் குழாய்களிலிருந்து செம்பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது.

“சவாரி போகலீங்களா?”

“பக்கோடா பாயிண்ட்டுல சுத்திப் பாக்க ஆளுங்கள உட்டுட்டு வந்தேன். திரும்பப் போயி ஏத்தோணும்.” அவன் நிமிரவில்லை. “எனக்கு இன்னமும் இந்த ஊடு புடிக்கல செல்வி. அத நீ தெரிஞ்சுக்க.”

“தெரியுமுங்க.”

“அந்த மூலையில தண்ணி நிக்குது பாரு.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் இறங்கிக் கையாலேயே சருகை அள்ளினாள். அள்ள அள்ள மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது.